லீவர் எந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. போல்ட் திருகும் ராட்செட் கைப்பிடியின் தலையில் இருக்கும் சின்ன லீவர் கழற்றும் பக்கம் கிடந்தது. வேலை முடிந்ததும் அதை முறுக்கும் பக்கம் தள்ளிவிட்டுத்தான் பெட்டியை மூடுவேன். கை தானாகச் செய்யும்.

ஞாயிறு வெளிவேலைக்கு வைத்திருக்கிற சாக்கெட் பெட்டி அது; ராட்செட்டும், போல்ட் தலையில் கவிழ்த்து மாட்டுகிற குழல்களான சாக்கெட்டுகளும் அதில் இருக்கும். லாரிப் பட்டறையில் வைக்க முடியாது. அங்கே கண் அசந்தால் இமை முடியையே உருவிவிடுவார்கள். அதனால் கட்டிலுக்கு அடியில் இருக்கும். நான் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். பக்கத்துத் தெருவில் திருட்டுப் போனதிலிருந்து அப்படித்தான். என் வீட்டுக்காரி உள்ளே தையல் மெஷினோடு இருப்பாள். பாதுகாப்புதானே.

அப்படியென்றால் பெட்டியைத் தொட்டது யார்? அவளுடைய தம்பி வந்தானா என்று கேட்டேன். தைக்கிற துணியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"எந்த வழியா வருவான்? பூட்டு உங்க கையிலதான இருக்கு."

பதில் சரிதான். அவ்வளவு சரியாக இருந்ததுதான் உறுத்தியது.

இந்தப் பெட்டியை வாங்கப் போன அன்று அவளும் வந்திருந்தாள். கடைக்காரர் பளபளவென்று ஒரு பெரிய பெட்டியைத் தூக்கி வைத்தார். அதில் பாதி சாமான் என் ஆயுசுக்கும் தேவைப்படாது. சாக்கெட்டுக்குள் பன்னிரண்டு மூலை வேறு. துருப்பிடித்த போல்ட் என்றால் வழுக்கித் தலையை மழுக்கிவிடும். நான் ஆறு மூலை சாக்கெட் உள்ள சின்னப் பெட்டியை எடுத்து, ராட்செட்டைக் காதோரம் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். உள்ளே சக்கரத்துப் பல் நெருக்கமாக இருந்தால்தான் இடுக்கில் கை கொஞ்சம் அசைந்தாலே வேலை ஆகும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி பார்க்கிறீர்களே என்று கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. லீவரை எந்தப் பக்கம் தள்ளினால் கழலும் என்று மட்டும் கேட்டாள். நான் பெருமையாகச் செய்து காட்டினேன்.

சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்த்தேன். பதிமூன்றாம் நம்பருக்குள் வெள்ளைப் பெயின்ட் துகள் ஒட்டியிருந்தது. வீட்டில் வெள்ளைப் பெயின்ட் அடித்த போல்ட் பின்னறை ஜன்னல் கிரிலில் மட்டும்தான் உண்டு. உள்பக்கமாக நானே மாட்டியது. போய்த் தொட்டேன். நாலு போல்ட்டும் விரலுக்கே சுழன்றன. தையல் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது.

திரும்பினால் அவள் வாசற்படியில் நிற்கிறாள்.

"எங்க போற, தினமும்?"

"எங்கயும் போகல. தீப்பிடிச்சா நான் எந்தப் பக்கமா வெளிய வர்றது? சொல்லுங்க."

நம்பும்படிதான் இருந்தது. முன்னாலேயே யோசித்து வைத்த பதில் போலவும் இருந்தது. எல்லாவற்றையும் இப்போதே முறுக்கு என்றேன்.

"நாளைக்குப் பூட்டாம போங்க. முறுக்கிடறேன்."

மறுநாள் காலை கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். பின்னறையிலிருந்து ராட்செட் சத்தம் கேட்டது. கிர்ர், கிர்ர். முறுக்கினாலும் கழற்றினாலும் அதே சத்தம்தான். கதவில் காதை ஒட்டிவைத்தேன். இத்தனை வருஷம் இரும்போடு கிடந்த காதுக்கும் பிடிபடவில்லை.

சத்தம் நின்றது. பூட்டு வாயைத் திறந்தபடி என் கையில் இருந்தது.