ரேகை விழுந்த படிகம்

அந்த ஆய்வுக்கூடத்தில் படிகம் வளர்ப்பவள் அவள் ஒருத்திதான். கரைசலைச் சூடாக்கி, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பார்த்து மெல்ல ஆறவிட்டால், வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு நகத்தளவு சிவப்புத் தகடு ஒன்று கிடைக்கும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியைப் பாய்ச்சினால் மறுபக்கம் டெராஹெர்ட்ஸ் துடிப்பு கிளம்பும். துணி, காகிதம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகிற அலை. அது எவ்வளவு வலுவாக வருகிறதோ அவ்வளவுக்கு ஆய்வுக்கூடத்துக்குப் பேரும் புகழும் கிடைக்கும்.

லேசரைக் கவனிப்பவன் இயக்குநரின் மருமகன். அவனைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். சிப்ஸ் பாக்கெட்டை லேசர் மேசையிலேயே பிரித்து வைத்துக்கொள்வான். தின்ற விரலைச் சப்பிவிட்டு, அந்தக் கையாலேயே திருகாணிகளைத் திருகுவான். கையுறை போடச் சொன்னால் கை வேர்க்கிறது என்பான்.

அவளுடைய ஆகச் சிறந்த படிகத்தை, அன்று அவள் வருவதற்குள் அவனே எடுத்துப் பொருத்திவிட்டான். அவள் உள்ளே நுழைந்தபோது திரையில் துடிப்பு அதுவரை பார்க்காத உயரத்துக்கு எழுந்தது. அவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் துடிப்பு சரிந்து விழுந்தது. முடி பொசுங்கியதுபோல் ஒரு வாடை.

“படிகம் சரியில்ல. உள்ள விரிசல் இருந்திருக்கும்” என்றான் அவன்.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். கருகல் புள்ளிகள் வரிவரியாக வளைந்து கிடந்தன. சந்தேகமே இல்லை, கட்டைவிரல் ரேகை. விரலின் எண்ணெய் லேசரில் சூடேறிப் படிகத்தையே பொசுக்கியிருந்தது.

இயக்குநரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். அவன் விரல்தான் என்று ஒத்துக்கொள்ளவும் செய்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மகள் மாசமாக இருப்பதையும், அவளுக்கும் புருஷனுக்கும் ஏற்கெனவே ஒத்துப்போகாததையும் சொல்லித் தீர்த்தார்.

“அறிக்கையில படிகத்துக் குறைன்னே போட்டுடலாம்மா. யாரு கேக்கப் போறா?”

“நான் எழுத மாட்டேன் சார்.”

“சரிம்மா, நானே எழுதிக்கறேன்” என்றார் அவர், பெரிய பாரம் இறங்கியவராக.

மருமகனின் எச்சில் விரலைவிட அந்த நிம்மதிதான் அவளுக்கு அதிகம் குமட்டியது. நாலு நாள் கழித்து அறிக்கை வந்தது. குறையுள்ள படிகம், வளர்த்தது இன்னார் என்று அவள் பெயரோடு. நேரே அவர் அறைக்குப் போய், அவர் கண்ணெதிரே தன் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டாள்.

“இவ்ளோ கோவமாம்மா?”

“கோவம் இல்ல சார். அருவருப்பா இருக்கு.”



மாதக் கடைசிவரைகூட அவள் அங்கே இருக்கவில்லை. வெகுநாளாய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்த வேறோர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே அவள் வளர்த்த முதல் படிகம் அதே உயரத்துக்குத் துடிப்பைக் கொடுத்தது. பொழுது சாயும்வரை கருகாமல் நின்றும் காட்டியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் மட்டும் மெல்ல மூச்சை உள்ளிழுத்து, பொசுங்கும் வாடை ஏதும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.