ஊழியக்காரி

வெள்ளத்தாய் அந்த வார்த்தையை முதலில் சொன்னது ரசம் ஊற்றும்போதா, அதற்கு முன் தண்ணீர் வைக்கும்போதா என்று ஏசுவடியானால் இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பத்து வருஷமாக அந்த மத்தியானத்தைத் திரும்பத் திரும்ப நினைத்ததில், நடந்தது எது, தானாகச் சேர்த்துக்கொண்டது எது என்பது கலந்துபோய்விட்டது. பந்தல் கீற்றின் வழியே வெயில் காசு காசாக விழுந்து கிடந்தது. சோற்றில் குழி பறித்துக்கொண்டு அவன் இலைமேல் குனிந்திருந்தான். அவ்வளவு வரைக்கும் சந்தேகமில்லை.

அவனுடைய தாத்தா ஞானரத்தினம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சபை உபதேசியாராக இருந்தவர். மனைவி காலராவில் போனபோது கையில் நாலு மாதப் பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கான்சாபுரத்திலிருந்து வந்தவள்தான் வெள்ளத்தாய். வந்தபோது இருபது வயது இருக்கலாம், புருஷனை இழந்தவள். வந்தவள் போகவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்யாணம் செய்து, பட்டாளத்தில் சேர்ந்து முதல் யுத்தத்தில் மெசபடோமியாவில் செத்தான். அவன் மனைவியை மறுவருஷத்து விஷக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. மிஞ்சிய ஆறு வயது ஏசுவடியானையும் அவளே தூக்கி வளர்த்தாள். அவள் ஞானஸ்நானம் பெறவில்லை. உபதேசியார் அவளை மணக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. சபையார் இரண்டொரு முறை கேட்டுப் பார்த்தார்கள். அவர் வேதப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாராம். அவர் காலமான பிறகு கேட்க யாரும் இல்லை. ஏசுவடியானுக்கு அவள் அப்பத்தா. அதற்குமேல் யோசிக்க வேண்டிய தேவை அவனுக்கு இருபத்தாறு வயதுவரை வரவில்லை.

மிஷன் பள்ளிக்கூடத்தில் அவன் வேலை நிரந்தரமானதும், அவள் பேரில் வீட்டில் நன்றி சொல்லி ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்க ஆசைப்பட்டான். தனக்கென்று ஒரு நாள் இல்லாமலே எழுபது வயதை நெருங்கிவிட்டவள். சொன்னதும் சிரித்தாள்.

“எனக்கு எதுக்குலே கூட்டம்? செத்த பொறவு வையி. அப்பம் எந்திரிச்சு வந்து சண்டை போடமாட்டேன்.”

அவன் விடவில்லை. சபையில் பெரியவர்களுக்கு எழுதி வாசிப்பதுபோல அவளுடைய ஜீவிய வரலாற்றை நாலு பக்கம் எழுதினான். முந்தின நாள் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டினான். ‘எங்கள் அப்பத்தா வெள்ளத்தாய், நாற்பத்தெட்டு வருஷம் இந்த வீட்டைச் சுமந்தவர்’ என்று அது தொடங்கியது. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“அம்புட்டும் நானாலே செஞ்சேன்?” என்றாள். பிறகு, “அந்த மொத வரிய மட்டும் இன்னொருக்கா படி.”

படித்தான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சத்தியநேசன் மனைவியுடன் இராஜபாளையத்திலிருந்து வந்து இறங்கினார். பஞ்சாலையில் ஸ்டோர் கிளார்க். அவருடைய மகள் பரிபூரணத்தை ஏசுவடியானுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணை அவன் இரண்டு முறை சபைக் கோயிலில் பார்த்திருந்தான். வேறு யாரையும் நினைக்க அவனால் முடியவில்லை. பந்தலுக்குள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவனைச் சத்தியநேசன் ஓரமாக அழைத்துப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தம்பி, தப்பா நெனைக்கக் கூடாது. அந்தம்மா ஒங்களுக்கு என்ன முறை வேணும்?”

வளர்த்தவர்கள் என்றான் ஏசுவடியான்.

“வளத்தது சரி. ஒங்க தாத்தாவுக்கு?”

தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் இருப்பவர்கள் என்றான். சத்தியநேசன் அதட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எதையும் மறைக்காமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்று மட்டும் சொன்னார். ஏசுவடியான் உள்ளே போய்த் தாளை எடுத்தான். பென்சிலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. ‘எங்கள் அப்பத்தா’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘உத்தம ஊழியக்காரி’ என்று எழுதினான். கெட்டிக்காரத்தனமான வார்த்தை. சபைக்காரர் காதில் அது தேவனுக்கு ஊழியம் செய்தவள் என்று விழும். சத்தியநேசன் காதில் வீட்டு வேலைக்காரி என்று விழும். யாரிடமும் பொய் சொன்னதாகாது. தன் புத்தியை நினைத்து அந்த நிமிஷம் அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் காதில் எப்படி விழும் என்று நினைத்தானா? நினைத்திருப்பான். எழுத்தறியாத கிழவிக்குப் பெரிய வார்த்தையாகத் தோன்றும் என்று தன்னைச் சமாதானப்படுத்தியிருப்பான். உபதேசியார் வீட்டில் ஒவ்வொரு நாளும் ஜெபத்தில் அந்த வார்த்தையைக் கேட்டவள் அவள் என்பதை மறந்துபோனான்.

கோயிலிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலியில் வெள்ளத்தாய் புதுச் சேலையின் விறைப்போடு உட்கார்ந்திருந்தாள். முதல் வரியை வாசித்தபோது அவன் தாளைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. மீதி எல்லாம் இருந்தபடியே இருந்தது. போதகர் தலையை ஆட்டினார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். சத்தியநேசன் சாய்ந்து உட்கார்ந்தார்.

பந்தியில் போதகருக்குப் பக்கத்தில் அவளுக்கு இலை போட்டிருந்தது. அவள் உட்காரவில்லை. புதுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரச வாளியைத் தூக்கினாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தவள் ஏசுவடியானின் இலைக்கு எதிரே நின்றாள்.

“சின்னையா, இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?”

பிறந்ததிலிருந்து அவள் வாயில் அவன் கேட்டதெல்லாம் ‘ஏலே’. சின்னையா என்பது கூலிக்கு நிற்பவர்கள் எஜமான் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது. குரலில் கோபமில்லை. முகத்தைப் பார்க்க அவன் நிமிரவில்லை. பக்கத்து இலையிலிருந்த சத்தியநேசன், “பழைய மனுசி. மரியாதை தெரிஞ்சிருக்கு” என்று மனைவியிடம் சொன்னார்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது அவள் கிணற்றடியில் சாம்பல் போட்டு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாளிவாளியாகத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தான்.

“அப்பத்தா, என்னைய ரெண்டு வார்த்தை வையி.”

“எதுக்கு வையணும்?”

“அப்பிடிக் கூப்பிடாத.”

அவள் அண்டாவைக் கவிழ்த்து அடியைத் தேய்க்க ஆரம்பித்தாள். “கல்யாணத்துக்கு ஒரு மாசந்தான் கெடக்கு. இப்பமே பழகினாத்தான அவிய முன்னால வாய் தவறாது.”

அது தண்டனையா, அவனுக்காகத் தன் வாயைத் தானே கட்டிக்கொண்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. உண்மையைச் சொல்லிவிட அந்த ஒரு மாதத்துக்குள் ஒரு தடவை இராஜபாளையம் போனான். ஆலை வாசலில் சத்தியநேசன் காப்பி வாங்கிக் கொடுத்து, சபைக்குக் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலையைக் கோயிலில் என்றைக்கு வாசிக்கிறார்கள் என்று கேட்டார். தேதியைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

கல்யாணம் நடந்தது. பரிபூரணம் நல்லவள்; தனக்குச் சொல்லப்பட்டபடி நடந்துகொண்டாள். “வெள்ளத்தாயி, வெந்நி போட்டாச்சா?” என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் அடுத்த அறையில் இருந்துகொண்டு வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பான். ஆறு மாதம் கழித்து, அண்ணன் மகன் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லி அவள் கான்சாபுரம் போனாள். அவன் தடுக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், அவள் இறந்து பதினொரு நாள் கழிந்த பிறகு, வத்திராயிருப்புக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. அன்றே வண்டி பிடித்துப் போனான். அண்ணன் மகன் முத்துராமலிங்கம் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, எதிரே நின்றான்.

“அத்தை ஒங்க வீட்ல வேலை பாத்ததப் பத்தி ஓயாம சொல்லும். நல்ல எடம்னு சொல்லும். வேலைக்காரி செத்ததுக்கு வாத்தியாரையாவுக்கு ஆள் விடலாமா வேண்டாமான்னு தெரியல. அப்படியே இருந்துட்டோம்.”

“அவங்க எங்க அப்பத்தா” என்றான் ஏசுவடியான். அவனுக்கே கேட்கும்படியாக, தெளிவாகத்தான் சொன்னான்.

முத்துராமலிங்கம் கையைக் கட்டிக்கொண்டான். “அது ஒங்க பெருந்தன்மை.”

சத்தியநேசன் நாற்பத்தாறில் ஆலையிலிருந்து ஓய்வு பெற்று, மறுவருஷம் இறந்தார். பரிபூரணத்துக்கு இரண்டு பெண்பிள்ளைகள். ஏசுவடியான் தலைமை ஆசிரியர் ஆகிவிட்டான். வெள்ளத்தாயைக் கான்சாபுரத்தில் ஓடைக்கரையில் எரித்தார்கள். அங்கே அடையாளம் எதுவும் இல்லை. முத்துராமலிங்கம் அதை ஒட்டிய தன் நிலத்தில் பயிர் வைக்கிறான். சந்தைக்கு வரும் நாட்களில் ஏசுவடியானுக்கு ஒரு பை மொச்சையைக் கொண்டுவந்து கொடுப்பான். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டான். வாசலில் தோள்துண்டை மரியாதைக்காகக் கையில் எடுத்துக்கொண்டு, நின்றபடியே பேசிவிட்டுப் போவான்.