சீப்புக் கத்தியா, சுற்றுக் கத்தியா

குப்பம்மாளுக்கு அதுவரை எந்த இயந்திரத்தோடும் பகை கிடையாது. ரயிலும் டிராமும் மில் சங்கும் அது அது பாட்டுக்கு இருந்தன, இவள் இவள் பாட்டுக்கு இருந்தாள். ஆனால் திருவொற்றியூர் மரக்கிடங்குக்குள் அந்தக் குட்டி டிராக்டர் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்ற அன்றைக்கு அந்தப் பகை பிறந்தது.

கப்பலில் வந்திறங்கும் பர்மாத் தேக்கை அடுக்கி வைக்கிற கிடங்கு அது. அடுக்குகளுக்கு அப்பால் வேலி வரைக்கும் இடுப்பளவு புல். கோடையில் அது காய்ந்து கிடக்கும்போது ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும், அத்தனை தேக்கும் சாம்பல்தான். அதனால் புல்லறுக்க எப்போதும் ஆள் வேண்டும். அறுக்கிற பெண்களுக்குக் குப்பம்மாள்தான் மேஸ்திரி. கம்பெனி கொடுக்கிற கூலி வெற்றிலை பாக்குக்குக்கூடக் காணாது. அறுத்த புல் அறுத்தவளுக்கு என்பதுதான் பேச்சு. அதைக் கட்டாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு போய் ராயபுரம் ஸ்டேஷன் ஜட்கா வண்டிக்காரர்களிடம் விற்றால்தான் அவரவர் வீட்டில் உலை கொதிக்கும். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு இரண்டு பெண்களை அவள் ஆளாக்கியது அந்தப் புல்லை வைத்துத்தான். குதிரை தின்றது போக மிச்சத்தை நாங்கள் தின்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அறுக்கும்போது யார் அரிவாளில் கல் தட்டுகிறதோ, அவளே அதைப் பொறுக்கி வேலிக்கு வெளியே எறிய வேண்டும். பார்த்தும் பாராததுபோல நகர்ந்தவளை மற்றவர்கள் ஏழு தலைமுறையையும் இழுத்து வைவார்கள். கல்லில் பட்டு அரிவாள் வாய் போனால் அன்றைய பிழைப்புப் போனது என்று அர்த்தம். வருஷக் கணக்காக இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி, கோழி கொத்தக்கூட ஒரு கூழாங்கல் இல்லாமல் அந்தத் தரை சுத்தமாகிவிட்டது.

டிராக்டர் ஒன்றும் புதுசல்ல. யுத்தம் முடிந்து பட்டாளம் விட்டுப்போன சாமான்களோடு ஏலத்தில் வந்த கிழட்டு வண்டி. அதன் பின்னால் புல்வெட்டுகிற கருவி ஒன்றைப் பூட்டிவிட்டால் ஆள் கூலி மிச்சம் என்று கம்பெனி மேலிடம் நினைத்தது. சூப்பர்வைசர் கருணாகரன் வண்ணாரப்பேட்டையில் பட்டாளத்துச் சாமான் விற்கும் தமீம் பாயிடம் சொல்லிவிட, தமீம் இரண்டு கருவிகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இரண்டையும் ஓட்டிக் காட்டுவது, பிடித்ததை எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு.

ஒன்று பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நீளக் கை. அதில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கத்திகள். இன்னொன்று கவிழ்த்துப் போட்ட அண்டா மாதிரி ஒரு இரும்பு மூடி. உள்ளே இரண்டு கத்திகள் விசிறி போலச் சுற்றும். குப்பம்மாள் நேராகத் தமீமிடமே போய், வெட்டின புல் என்ன ஆகும் என்று கேட்டாள். மனுஷர் வியாபாரிதான், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர். சீப்புக் கத்தி புல்லை அடியில் அறுத்து அப்படியே படுக்க வைக்கும், வாரிக் கட்டிக்கொள்ளலாம் என்றார். சுற்றுக் கத்தி தூளாக்கித் துப்பிவிடும், அதில் ஒரு கைப்பிடிகூடக் குதிரைக்குத் தேறாது என்றார். கிழட்டு வண்டி சுற்றுக் கத்தியை இழுக்குமா என்பதே தனக்குச் சந்தேகம்தான் என்றும் சொல்லி வைத்தார்.

ஆக, சீப்பு வந்தால் கூலி போனாலும் புல் மிஞ்சும். சுற்று வந்தால் பிழைப்பே போச்சு. குப்பம்மாளோடு கூடவே அறுக்கிற தேவகிருபை, ராயபுரத்துக்காரி, கூடப் பிறக்காத தங்கச்சி மாதிரி, அன்றைக்கு ஜெபமாலையை உருட்டிக்கொண்டே அழுதாள். குப்பம்மாள் அழுகிற ஜாதி இல்லை. கருணாகரனிடம் போய்ச் சீப்பையே எடுங்கள் என்று கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆளும் இல்லை. நின்று நிதானமாகத்தான் சொன்னார். சீப்புக்குப் பல் அதிகம், தினம் தீட்ட வேண்டும், அடிக்கடி சிக்கும். சுற்றுக் கத்திக்குக் கல் ஒன்றுதான் எமன். இங்கேதான் கல்லே இல்லையே, உங்கள் புண்ணியத்தில் தரை கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டார்.

குப்பம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாங்கள் பொறுக்கி எறிந்த கல்லே தங்கள் வாயில் மண் போடப் பார்க்கிறது! அந்த நிமிஷமே அவளுக்கு அந்த யோசனை வந்துவிட்டது. பாழாய்ப்போன யோசனை, வராமலே இருந்திருக்கலாம்.

அவளுக்குத் தெரிந்தது அரிவாள். அரிவாள் கல்லில் பட்டால் வாய் போகும், வேலை நிற்கும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. இந்தக் கத்தியும் அப்படித்தானே நிற்கும் என்று நினைத்தாள். இயந்திரத்துக்குக் கல் போதாது, இரும்பே வேண்டும் என்று வேறு கணக்குப் போட்டாள். துறைமுக வேலியோரம் துருப்பிடித்த பெரிய நட்டுகளுக்கா பஞ்சம்? ஒரு கை அள்ளி மடியில் கட்டிக்கொண்டாள். ஓட்டிக் காட்டுவதற்கு முதல் நாளே கருணாகரன் சுண்ணாம்பு தூவித் தரையை இரண்டாகப் பிரித்து, இது சீப்புக்கு, இது சுற்றுக்கு என்று காட்டினார். மறுநாள் காலையில், கயிற்றைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி குப்பம்மாள் சுற்றுக் கத்தியின் பாகத்துக்குள் நடந்து, ஒவ்வொன்றாக நழுவவிட்டு வந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை, தேவகிருபையிடம்கூட.

முதலில் சீப்பு ஓடியது. தமீமே வண்டி ஓட்டினார். புல் தலை வாரி விட்டாற்போலப் படுத்தது. ஆனால் இரண்டு இடத்தில் சிக்கி, இறங்கி இறங்கிக் கையால் பிய்த்துப்போட வேண்டியதாயிற்று. கருணாகரன் உதட்டைப் பிதுக்கினார். பிறகு கருவியை மாற்றிச் சுற்றுக் கத்தியைப் பூட்டினார்கள். இழுக்குமா என்று தமீம் சந்தேகப்பட்ட வண்டி, ராட்சசன் மாதிரி உறுமிக்கொண்டு இழுத்தது. பச்சைத் தூள் மேகமாகக் கிளம்பியது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றார்கள். கருணாகரன் முகமெல்லாம் பல்.

குப்பம்மாள் மட்டும் நட்டு கிடக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி அதை நெருங்க நெருங்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வேடிக்கையைத் தேவகிருபையும் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் விதி. பின்னால் நின்றவளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"முன்னாடி வாடி. இங்கேர்ந்து நல்லாத் தெரியும்."

ணங் என்று ஒரு சத்தம். குப்பம்மாள் சிரித்துவிட்டாள். போச்சு, கத்தி வாய் போச்சு என்று நினைத்தாள். ஆனால் வண்டி நிற்கவில்லை. மறுபடி ணங். தலைக்குப் பக்கத்தில் வண்டு பறந்த மாதிரி ஒரு ஓசை. என்னடா இது என்று திரும்பினால், தேவகிருபை தரையில் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. முகத்தை ஒரு கையால் மூடியிருந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் முழங்கை வரைக்கும் ஓடியது. குப்பம்மாளின் உதட்டில் அந்தச் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது. அதை எப்படிக் கீழே இறக்குவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் யாருக்கோ நடப்பதுபோல இருந்தது. கருணாகரன் கம்பெனி லாரியைக் கூப்பிட்டார். தமீம் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து, தலைத் துண்டை அவிழ்த்துக் காயத்தில் வைத்துக் கட்டினார். தேக்கு அடுக்கிலிருந்து உதிர்ந்த இரும்பு ஏதோ கிடந்திருக்கிறது, கவண்கல் மாதிரி வீசிவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டார். பட்டதை இந்தக் கத்தி தூக்கி வீசும் என்பது குப்பம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இந்தக் கூத்தைக் கேளுங்கள். மறுநாளே சுற்றுக் கத்தி வேண்டாம் என்று கருணாகரன் முடிவு கட்டினார். ஆளைக் கொல்லுகிற சனியனை நான் வாங்கித்தர மாட்டேன் என்று மேலிடத்தில் சண்டையே போட்டாராம். சீப்புக் கத்தி நிலைத்தது. புல்லும் பெண்களுக்கே என்றாகிவிட்டது. அவள் ஆசைப்பட்டது அத்தனையும் அவள் கைக்கு வந்து சேர்ந்தது. மற்றப் பெண்கள் படுத்த புல்லை வாரிக் கட்டிக்கொண்டு, நம் மேஸ்திரி கும்பிட்ட சாமி கைவிடவில்லை என்றார்கள். குப்பம்மாளால் ஒரு கட்டைக்கூடத் தலைக்குத் தூக்க முடியவில்லை.

தேவகிருபைக்கு வலது கண் போய்விட்டது என்று செய்தி வந்தது. குப்பம்மாள் கஞ்சி காய்ச்சித் தூக்கில் ஊற்றிக்கொண்டு கண்ணாஸ்பத்திரிக்குப் போனாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள். வாசலில் கால் வைத்ததும் தைரியம் பாதி ஓடிவிட்டது. வந்ததிலிருந்து இந்தம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, தூங்குவதும் இல்லை, ஜெபமாலையைக் கொடுத்தால் தொட மாட்டேன் என்கிறாள் என்று நர்ஸ் அலுத்துக்கொண்டாள்.

கட்டுப் போட்ட முகத்தோடு தேவகிருபை சுவர் ஓரம் ஒண்டிக் கிடந்தாள். குப்பம்மாள் குரல் கேட்டதும் கையை நீட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உடம்பு உதறிக்கொண்டிருந்தது. காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை. அது பயம்.

"அக்கா, உன்னாண்ட மட்டும் சொல்றேன். மொத நாளு சாயங்காலம் ரயில் ரோட்டாண்டேர்ந்து நாலு ஜல்லிக் கல்லு பொறுக்கினு வந்து அந்தப் பக்கம் போட்டேன். கத்தி மொக்கையாப் பூடும்னுதான் போட்டேன்."

இவளுமா? ஒரே புல்லுக்குள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே நினைப்போடு!

"டாக்டரு இரும்புத் துண்டு எடுத்தேன்றாருக்கா. நான் போட்டது கல்லு. கல்லு எப்டி இரும்பாவும்? ஆண்டவருதான் ஆக்கிக்கீறாரு. ஆக்கி எம்மேலயே வுட்டுக்கீறாரு. அவ்ளோ கோவம் அவருக்கு. நான் செத்தா எங்க போவேன்?"

கண் போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் குப்பம்மாளை அடித்துப் போட்டது. இப்போது வாயை மூடிக்கொண்டால் காரியம் சுலபம். யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. இவள் பாவம் இவளோடு என்று புல்லைக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். குப்பம்மாள் அந்தப் பொல்லாத நினைப்பையும் நினைத்துப் பார்த்தாள், நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பிடித்திருந்த கை உதறுவது நிற்கவே இல்லை.

"ஆண்டவரு இல்லடி. அந்த இரும்பு நான் போட்டது."

தேவகிருபை மிஞ்சியிருந்த ஒரு கண்ணால் அவளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அறையப் போகிறாள், ஆஸ்பத்திரியே திரளும்படி கத்தப் போகிறாள் என்று குப்பம்மாள் காத்திருந்தாள். அப்படி நடந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். உதறிக்கொண்டிருந்த கை மெல்ல அடங்கியது. பிறகு அது குப்பம்மாள் கையை விட்டது.

"அப்ப அவருக்கு எம்மேல கோவம் இல்லியா?"

"இல்லடி."

தேவகிருபை நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று தெரிந்தபோது குப்பம்மாள் விக்கித்துப் போனாள். ஒரு கண்ணைத் தொலைத்தவளுக்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று அவளுக்கு மயிர்க்கூச்செடுத்தது. தூக்கில் என்ன என்று தேவகிருபை கேட்டாள். கஞ்சி என்றதும் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்தபடியே சொன்னாள்.

"ஊட்டிட்டுப் போ. அப்பால இந்தப் பக்கம் வராதே."

குப்பம்மாள் ஊட்டினாள். பட்டினி கிடந்த வயிறு, தூக்கு காலியாகிற வரைக்கும் வாங்கித் தின்றது. ஒரு தடவைகூட அவள் குப்பம்மாள் முகத்தைப் பார்க்கவில்லை.