அடுத்த வீட்டு ரத்தம்

குடும்ப ஜெபத்தின்போது ஹெப்ரான் ஒரு கண்ணை மட்டும்தான் மூடியிருந்தான். மற்றொரு கண், மடியில் கிடந்த கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா எபனேசர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சபையிலுள்ள நோயாளிகளையெல்லாம் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தார். மகனுடைய விண்ணப்பம் வேறு. தான் எழுதிப் பாடிப் போட்ட ராப் பாட்டை இன்னும் நாலு பேராவது பார்க்க வேண்டும். பார்த்தவர்கள் இருநூறைத் தாண்டவில்லை. அதில் பாதிப் பேர் அம்மாவின் பாடகர் குழுவைச் சேர்ந்தவர்கள்.

அது மோசமான பாட்டு இல்லை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடி அலைகிற பாளையங்கோட்டைப் பையன் ஒருவன், அதே சட்டையைத் துவைத்துத் துவைத்து ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் போட்டுப் போவதைப் பற்றியது. 'சட்டைக்கு வயசாச்சு, எனக்கும்தான் ஆச்சு' என்று ஒரு வரி வரும். அது அவனுக்கு நடந்தது. ஆனால் அதற்குக் கீழே வந்து விழுந்த கமெண்டுகள் வேறு மாதிரி இருந்தன. 'இது ராப்பா, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பாட்டா?' 'திருநெல்வேலின்னு போட்டுருக்க, கெத்தே இல்லையே.' 'கொஞ்சமாவது ரியலா பண்ணு புரோ.'

உண்மையை அப்படியே பாடியவனைப் பார்த்துத்தான் ரியலாகப் பாடு என்று சொன்னார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? தாமிரபரணிக் கரையில் வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் உரக்கடைக்காரர்களும் லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆனால் வீடியோ பார்க்கிற கூட்டத்துக்குத் திருநெல்வேலி என்றால் அரிவாள் வேண்டும். அரிவாள் இல்லாத திருநெல்வேலியை அவர்கள் நம்பத் தயாராக இல்லை.

ஹெப்ரானும் அரிவாளைத் தேடிப் போனான்.

"நம்ம வீட்டுல அருவாள எதுக்குல எடுப்போம்? தேங்கா வெட்ட. அதுகூட அம்மாதான் வெட்டுதா, உனக்கு மட்டையக்கூட உரிக்கத் தெரியாது" என்று அக்கா ஜெமிமா சிரித்தாள். அவள் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள்.

"கலைன்னா கற்பனை இருக்கும்க்கா."

"கற்பனைன்னு சொல்லிட்டுப் பாடு, யாரு வேண்டாங்கா? ராப்புங்கதே தன் கதைய ஒருத்தரும் கேக்கலைங்கவன் சத்தமாச் சொன்னதுலதான் பொறந்திச்சு. நீ உன் கதையத்தான் சொன்ன. கேக்கலன்னா இன்னும் நல்லாச் சொல்லு. அடுத்தவன் கதையத் தூக்கிட்டு வந்து என் கதைன்னு சொல்லாத."

அடுத்தவன் கதை ஏற்கெனவே அவன் கையில் இருந்தது. அது அவன் உயிர் நண்பன் கணேஷ்ராமின் வீட்டுக் கதை.

கணேஷ்ராமின் அப்பா பெயர் பாபநாசம். அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருந்தார். பிறந்த ஊர் ஏரல் பக்கம். கணேஷ்ராம் கைக்குழந்தையாக இருந்தபோது, கோயில் கொடையில் முதல் மரியாதை யாருக்கு என்று எழுந்த தகராறில் பாபநாசத்தின் தம்பியை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். தம்பியின் உடலைப் பாபநாசம்தான் போய் அடையாளம் காட்டினார். அதற்குப் பிறகு அவர் அந்த ஊருக்குப் போகவே இல்லை. வீட்டில் தம்பியின் படம்கூட மாட்டவில்லை. தன் மகன் இந்தப் பகைக்குள் போய்விடக் கூடாது என்ற ஒரே பயத்தில், மேற்கே வந்து, யாருக்கும் எதுவும் சொல்லாமல் வாழ்ந்தார். கல்லூரி நாட்களில் ஒருமுறை ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தபோது கணேஷ்ராம் இதை ஹெப்ரானிடம் சொன்னான். "யார்ட்டயும் சொல்லிராதல" என்றும் சொன்னான்.

ஹெப்ரான் யாரிடமும் சொல்லவில்லை. பாடிவிட்டான்.

'சித்தப்பன் ரத்தம் காயல இன்னும், சிந்துன மண்ணுல ஈரம் மின்னும்' என்று பாட்டு தொடங்கியது. பழிவாங்கப் போன நண்பனையும் எதிரிகள் வெட்டிவிட, தனியாக நிற்கும் ஒருவன் அரிவாளை எடுப்பதாகக் கதை. செத்துப்போன நண்பன் என்று காட்ட ஒரு முகம் வேண்டும். நம் பக்கத்தில் சாவு என்றால் முதலில் வருவது பிளக்ஸ்தானே? பிணம் வீட்டுக்கு வருவதற்குள் பஸ் ஸ்டாப்பில் 'கண்ணீர் அஞ்சலி' கட்டியிருப்பார்கள். அதேபோல ஒன்று அடித்தான். நடுவில் கணேஷ்ராமின் சிரித்த முகம், கீழே தோற்றம், மறைவு, ஓரத்தில் கும்பிடும் இரண்டு கைகள்.

படம் கொடுத்தபோது கணேஷ்ராமுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. படப்பிடிப்பில் பாட்டைக் கேட்டபோதுதான் முகம் மாறியது.

"ஏலே, இது எங்க சித்தப்பா கதைலா?"

"பேரு சொல்லலைல்லா. உன் கதைன்னு எவனுக்குத் தெரியும்?"

"எங்கப்பாவுக்குத் தெரியும்."

"உங்கப்பா என்னைக்குல ராப் பாட்டு கேட்டாரு?"

கணேஷ்ராம் அதற்கு மேல் பேசவில்லை. அரசுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, நண்பனோடு சண்டை போட மனம் வரவில்லை. அங்கேயே அந்தப் பிளக்ஸைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் சிநேகிதத்துக்காக வாயை மூடிக்கொண்டான்.

சனிக்கிழமை மாலை வீடியோ வெளியானது. இருநூறு பேரைக் கூட்ட முடியாமல் தவித்தவனை ஒரே இரவில் ஆயிரம் ஆயிரமாகப் பார்த்தார்கள். 'இதுதான் ஒரிஜினல்', 'அனுபவிச்சவன் குரல்' என்று பாராட்டினார்கள். தேங்காய் மட்டை உரிக்கத் தெரியாதவன் ரத்தம் பார்த்தவனாகிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீடியோவிலிருந்து பிளக்ஸ் தெரிகிற இடத்தை மட்டும் யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். பாட்டு இல்லை. மேலே, 'அம்பாசமுத்திரம் வாலிபர் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொலை, பழைய பகை காரணமா?' என்று எழுதி வாட்ஸப்பில் விட்டார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, வேடிக்கைக்குச் செய்தார்களா, யாருக்கும் தெரியாது. அனுப்பியவர்கள் யாரும் நிஜமா என்று கேட்கவில்லை. கைகூப்பும் பொம்மையைப் போட்டு அடுத்தவருக்கு அனுப்பினார்கள். கடைசியில் அது உரக்கடைக்கே வந்துசேர்ந்தது.

மகன் பாளையங்கோட்டையில் தேர்வு எழுதப் போனது பாபநாசத்துக்குத் தெரியும். தேர்வுக்கூடத்தில் கைப்பேசி கூடாது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. கூப்பிட்டார், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அடுத்து ஹெப்ரானைக் கூப்பிட்டார்.

ஹெப்ரான் ஆலயத்தில் பாடகர் வரிசையில், வெள்ளை அங்கியோடு நின்றிருந்தான். அங்கிக்குள் கைப்பேசி அதிர்ந்தது. பைய எடுத்துப் பார்த்தான். 'கணேஷ் அப்பா' என்று இருந்தது. பாட்டைக் கேட்டுவிட்டார், திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தான். இணைப்பைத் துண்டித்தான். மறுபடியும் அடித்தது. கைப்பேசியையே அணைத்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தான். அவன் மனசாட்சிக்குத் தான் செய்தது தப்பு என்று நன்றாகத் தெரிந்திருந்தது, அதனால்தான் எடுக்கவில்லை. எடுத்து, 'மாமா, கணேஷ் பரீட்சை எழுதுதான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

பாபநாசத்தைப் பக்கத்துக் கடைக்காரர் சிவசண்முகம் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழி நெடுகப் பாபநாசம் அழவில்லை. "ஊர விட்டு வந்தும் விடலியே, ஊர விட்டு வந்தும் விடலியே" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் இறங்கி மகன் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"அப்படி யாரும் வரலையே ஐயா" என்றார் அங்கிருந்த ஊழியர்.

"என் தம்பிக்கும் மொதல்ல இப்படித்தான் இல்லன்னு சொன்னாங்க. நான் பாத்துக்கிடுதேன், பயப்பட மாட்டேன். கதவ மட்டும் திறந்து விடுங்க."

அவர் நான்கு பேரிடம் கேட்டார், நான்கு பேரும் இல்லை என்றார்கள். எவர் சொன்னதையும் அவர் நம்பவில்லை. கைப்பேசியில் இருந்த பிளக்ஸை மட்டும் நம்பினார். சிவசண்முகம் போலீஸ் அவுட்போஸ்டில் விசாரிக்கப் போன நேரத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்தார். எதிர்க் கட்டிடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர்களும் முயன்று பார்த்தார்கள். மாரடைப்பு, காப்பாற்ற முடியவில்லை.

தேர்வு முடிந்து வெளியே வந்த கணேஷ்ராம் கைப்பேசியைத் திறந்து அப்பாவைக் கூப்பிட்டான். எடுத்தவர் சிவசண்முகம்.

"யாருல பேசுதது?"

"நாந்தான் அண்ணாச்சி, கணேஷ். அப்பா எங்க?"

அந்தப் பெரிய மனிதர் வாய்விட்டு அழுதது கேட்டது. "ஏலே, நீ இருக்கியால! பாவி, நீ இருக்கியால! கொஞ்சம் முன்னாலயே கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

அம்பாசமுத்திரத்தில் கணேஷ்ராமின் அம்மா கோமு காலையிலிருந்து மகனுக்காக அழுதுகொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் செத்ததைச் சொல்லாமல் மகன் இருப்பதை மட்டும் எப்படிச் சொல்வது என்று யாரும் அவளுக்குப் போன் செய்யவில்லை. மகனே வாசலில் வந்து இறங்கினான். அவள் ஓடிப்போய் அவன் முகத்தை, தோளை, கையைத் தடவித் தடவிப் பார்த்தாள், சிரித்தாள். அவனுக்குப் பின்னால் வந்த ஆம்புலன்ஸை அதற்குப் பிறகுதான் பார்த்தாள். காலையில் மகனுக்கு வைத்த ஒப்பாரியை மாலையில் அவள் புருஷனுக்கு வைத்தாள். இந்தக் கொடுமை எந்தப் பெண்ணுக்கும் வர வேண்டாம்.

ஹெப்ரான் வீடியோவை நீக்கினான். நீக்கி என்ன பயன்? அதற்குள் ஊரெல்லாம் நகல். பாபநாசத்தின் சாவுச் செய்தி பரவியதும் இன்னும் அதிகம் பேர் தேடிப் பார்த்தார்கள். 'உண்மைச் சம்பவமாம்டா' என்று நெஞ்சில் கை வைத்த பொம்மைகளைப் போட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு இசைக் கம்பெனிக்காரர் கூப்பிட்டு, "இவ்வளவு ரியலான வாய்ஸ் தமிழ்ல வந்ததே இல்ல தம்பி. அந்த அப்பா கதையையும் சேர்த்து இரண்டாம் பாகம் பண்ணலாமா?" என்று கேட்டார். ஹெப்ரான் இணைப்பைத் துண்டித்தான்.

காரியம் முடிந்த மறுநாள், அக்கா ஜெமிமாவோடு அம்பாசமுத்திரம் போனான். வீட்டுக்குள் போக அவனுக்குக் கால் வரவில்லை. அக்கா உள்ளே போய்க் கோமுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மொட்டைத்தலையோடு கணேஷ்ராம் வெளியே வந்தான். அடிப்பான் என்று ஹெப்ரான் எதிர்பார்த்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். கணேஷ்ராம் அடிக்கவில்லை.

"என்னைய ரெண்டு அறை அறைஞ்சிரு மக்கா."

"எதுக்கு? படம் குடுத்தது நானு. பாட்டக் கேட்டுட்டு வாய மூடிட்டு நின்னதும் நானு. என்னைய யாரு அறைய?" கணேஷ்ராமின் குரல் உயரவே இல்லை. "எங்க சித்தப்பாவ வெட்டுனவன் ஜெயிலுக்குப் போனான். எங்கப்பாவக் கொன்னதுக்கு எவனும் போக மாட்டான். நீ பாடுன, நான் நின்னேன், ஒருத்தன் வெட்டி ஒட்டுனான், ஊரு பூரா அனுப்புனான். எல்லாரும் நல்லவங்கதான்."

"தெரியாமச் செஞ்சிட்டம்ல."

"தெரியும்ல உனக்கு. தெரிஞ்சதாலதான் அப்பா கூப்பிட்டப்ப நீ எடுக்கல."

ஹெப்ரான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கப்பா இத்தன வருசம் தம்பி பேரச் சொன்னதில்ல. வலி இல்லாமலா? பட்டவன் மூடி வைக்கான்ல. படாதவன்தான் படம் பிடிச்சுக் காட்டுதான். அருவா பிடிச்சவனால மட்டும் இந்த ஊரு கெடல. அருவாளக் கெத்துன்னு பாடுத உன்னாலயும், அதத்தான் உண்மைன்னு கைதட்டுதவனாலயும்தான் கெட்டுது. உனக்கு நடந்ததப் பாடு, நாலு பேரு கேட்டாலும் போதும். அடுத்த வீட்டு ரத்தத்த எடுத்து உன் சட்டையில பூசாத."

"இனிமே நான் பாடவே மாட்டேன்."

"ஏன் பாட மாட்ட? இப்பத்தான் உனக்குன்னு நெசமாவே ஒண்ணு நடந்திருக்கு. அதப் பாடு பாப்போம், நான் கேக்குதேன்."

ஹெப்ரானின் உதடு அசைந்தது. கணேஷ்ராம் உண்மையாகவே காத்து நின்றான். உள்ளே கோமு மறுபடி அழத் தொடங்கியிருந்தாள். ஹெப்ரானின் தொண்டையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

"வரலல்லா?" என்றான் கணேஷ்ராம். "அடுத்தவன் துக்கத்துக்குத்தாம்ல தாளம் நல்லா விழும்."