மூன்றாவது தட்டு

கூடலூரிலிருந்து லோயர்கேம்ப் போகும் சாலையோரத்தில், எப்சிபாவின் தென்னந்தோப்புக்குள் ஒரு கேரவன் நின்றுகொண்டிருந்தது. சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக, பழைய பேருந்தொன்றை வாங்கி, படுக்கையும் சமையல் மேடையும் குளியலறையும் வைத்துக் கட்டிய வண்டி அது. அதன் இடது விலாவில் ஒரு பகுதி மட்டும் மேசை டிராயரைப் போல வெளியே நீளும். நீட்டினால் உள்ளே ஆறு பேர் வசதியாக உட்கார்ந்து சாப்பிடலாம். இழுத்துக்கொண்டால் வண்டி மறுபடியும் சாலைக்கு ஏற்ற பேருந்தாகிவிடும். எப்சிபா அதை ஸ்லைடு என்றாள். இருபது வருடங்களாக டிப்பர் லாரிகளின் ஹைட்ராலிக் வேலை பார்த்துவந்த தங்கப்பாண்டி அதை டிராயர் என்றுதான் சொன்னான்.

முன்பு அந்த அறையை ஒரு மின்மோட்டாரும் பல்சக்கரங்களும் நகர்த்தின. சித்திரை மாதம் ஒரு குடும்பத்தோடு குமுளியில் நின்றபோது அது பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சிக்கிக்கொண்டது. ஆறு பேர் தோள் கொடுத்துத் தள்ளிய பிறகுதான் வண்டி மலையிறங்கியது. போடி பஜாரில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் எப்சிபா. வந்தவர்கள் முன்னால் பட்ட அவமானத்தை அவளால் தாங்க முடியவில்லை. மோட்டாரைத் தூக்கி எறிந்துவிட்டு ஹைட்ராலிக் போட்டுத் தரும்படி தங்கப்பாண்டியைத் தேடி வந்தாள்.

அவன் பத்து நாள் உழைத்தான். முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இரண்டு சிலிண்டர்கள், ஒரு பம்பு. எண்ணெய் எந்தப் பக்கம் எளிதாக இருக்கிறதோ அந்தப் பக்கமே முதலில் ஓடும். அப்படி ஓடவிட்டால் அறை கோணிக்கொண்டு வரும். எனவே இரண்டு பக்கத்துக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கும் வால்வு ஒன்றை நடுவில் வைத்தான். கணவாய் வழியாக இறங்கும் ஆடிக் காற்று நீண்டு நிற்கும் அறையை அசைக்காதிருக்க, எண்ணெயை அப்படியே பூட்டிவைக்கும் வால்வு ஒன்றையும் சேர்த்தான். பதினோராம் நாள் லிவரைத் தள்ளியபோது, அறை தாம்பாளத்தில் வைத்து நீட்டியதைப் போலச் சீராக வெளியே வந்தது. எப்சிபா கைதட்டினாள்.

உள்ளே இழுத்தபோதுதான் அது கேட்டது. அறை வந்து சேர்ந்து, ரப்பர் விளிம்பு வண்டியின் உடம்போடு ஒட்டி, பம்பும் ஓய்ந்து, ஒருவன் மூச்சு விடும் நேரம் கழிந்த பின், அடியிலிருந்து ஒரு தட்டு. இரும்பை ஸ்பேனரால் தட்டினால் எழும் ஓசை. ஒன்றே ஒன்று.

"என்னண்ணே, உள்ள யாரையாச்சும் வச்சுப் பூட்டிட்டமா?" என்று எப்சிபா சிரித்தாள்.

"லைன்ல காத்து நிக்கும் மேடம். எடுத்துரலாம்," என்றான் தங்கப்பாண்டி.

குழாய்களில் இருந்த காற்றை மூன்று முறை வெளியேற்றினான். எண்ணெயை மாற்றினான். அறை வந்து முட்டும் இடங்களிலெல்லாம் ரப்பர் வைத்தான். வெயிலில் இரும்பு விரிவதால் இருக்குமோ என்று காலையின் குளிர்ச்சியிலும் உச்சி வெயிலிலும் தனித்தனியே இயக்கிப் பார்த்தான். நீட்டும்போது ஒருபோதும் கேட்கவில்லை; இழுக்கும்போது ஒருபோதும் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் அதே இடைவெளி, அதே ஒற்றைத் தட்டு. ஓசை கேட்கத் தொடங்கிய நான்காம் நாள் முதல், அறையை இழுக்க லிவரைத் தொடும் முன் அவன் குனிந்து அடியில் பார்த்தான். பார்த்துவிட்டு நிமிர்ந்த பிறகும், தான் பார்த்த இடத்தில் யாரோ உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதான உணர்வு முதுகிலிருந்து இறங்கவில்லை.

அந்த ஓசை என்ன என்று அவனுக்குத் தெரியும். அதுதான் அவனுடைய தொல்லை.

உத்தமபாளையம் பைபாஸ் ஓரத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. டிப்பரின் தொட்டியைத் தூக்கி நிறுத்தி ஒருவன் அடியில் வேலை பார்ப்பான்; மற்றவன் லிவரில் நிற்பான். இறக்கும் முன் லிவர்க்காரன் "தட்டு!" என்று குரல் கொடுக்க வேண்டும். அடியில் இருப்பவன் மூன்று முறை தட்ட வேண்டும். முதல் தட்டுக்குச் சாமான் வெளியே என்று பொருள். இரண்டாவதுக்குக் கை வெளியே. மூன்றாவதுக்கு ஆள் வெளியே. மூன்றும் கேட்காமல் லிவரில் கை வைப்பது அங்கே கொலைக்குச் சமானம்.

தங்கப்பாண்டியும் மலைச்சாமியும் பதினாறு வருடம் அப்படி வேலை பார்த்தார்கள். லிவரில் இவன், அடியில் அவன். பதினாறு வருடத்தில் அந்த மூன்று தட்டுகளின் தாளம் தங்கப்பாண்டியின் கைக்கே பழகிப்போயிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு பிற்பகலில், இரண்டு தட்டு கேட்டதுமே, மூன்றாவது விழ வேண்டிய கணத்தில் அவன் கை தானாக லிவரை இழுத்துவிட்டது. மூன்றாவது தட்டு விழவே இல்லை.

மூன்றும் கேட்டதாகத்தான் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தான். தட்டிவிட்டு எதையோ எடுக்க மலைச்சாமி மறுபடி உள்ளே போயிருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அந்தப் பட்டறை வரிசையிலேயே மிகக் கவனமான வேலைக்காரன் என்று பெயரெடுத்திருந்தவன், செத்த பிறகு அஜாக்கிரதைக்கு உதாரணமானான். பட்டறைகளில் கவனமில்லாமல் சைகை கொடுக்கும் எவனையும் 'மலைச்சாமித் தட்டு தட்டாதே' என்று திட்டுவது பழக்கமாகிவிட்டது. அந்தச் சொல்லை உண்டாக்கியது தங்கப்பாண்டி அல்ல. ஆனால் முதல் முறை அதைக் கேட்டபோது மற்றவர்களோடு சேர்ந்து அவனும் சிரித்தான்.

மலைச்சாமியின் மனைவி அன்னத்தாய்க்கு எப்சிபாவிடம் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். கேரவனோடு போய் சமைப்பதும், தங்குமிடத்தில் அறையை நீட்டி மடக்குவதும் அவள் பொறுப்பு. "தங்கப்பாண்டி அண்ணன் இல்லாட்டி எனக்கு யாரு இருக்கா?" என்று அவள் ஊரெல்லாம் சொல்லி வந்தாள். ஒவ்வொரு முறையும் அது அவன் காதுக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை எப்சிபா பொறுமை இழந்தாள்.

"அண்ணே, நாளைக்குத் திருச்சியிலருந்து ஆள் வருது. சுருளி, வைகை அணைன்னு மூணு நாள் ட்ரிப்பு. சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது. எங்க வீட்டு பீரோ கூடத்தான் சத்தம் போடுது, அதுக்குன்னு சேலையெல்லாம் தெருவுலயா வைக்கிறோம்? ஸ்தோத்திரம்னு சொல்லி வண்டிய விடுங்க."

"இன்னும் ஒரு நாள் குடுங்க மேடம்."

"குடுத்தா அந்தச் சத்தத்தோட பேரு வேற கேட்டுச் சொல்லுவீங்க போல. அன்னத்தாய்க்கு லிவரப் பழக்கிவிடுங்க. நான் காய்கறி வாங்கிட்டு வந்துர்றேன்."

அவள் கார் தோப்பைத் தாண்டியதும் அன்னத்தாய் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள். தங்கப்பாண்டி அவள் முகத்தைப் பாராமல் சொல்லிக்கொடுத்தான். வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்று பார்; ஜாக்கிகளை இறக்கு; பம்பு சுவிட்சைப் போடு; நீட்ட லிவரை முன்னால் தள்ளு, மடக்கப் பின்னால் இழு; கையை எடுத்தால் அறை அங்கேயே நிற்கும். மடக்கும் முன் கூரையில் விழுந்த மட்டைகளைத் தள்ளிவிடு, அடியில் பார். அவள் நீட்டினாள். பிறகு அடியில் பார்த்துவிட்டு இழுத்தாள். அறை வந்து ஒட்டியது. பம்பு ஓய்ந்தது.

தட்டு கேட்டது.

அன்னத்தாய் லிவரிலிருந்து கையை எடுக்கவில்லை. தென்னைகளின் தலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த காற்று ஒரு கணம் நின்று மறுபடி வந்தது.

"ஏண்ணே," என்றாள் மெல்ல. "இது தட்டுல்ல?"

"இரும்புச் சத்தம் தாயி."

"பதினாலு வருசம் அவுகளுக்குக் கஞ்சி கொண்டாந்து குடுத்தவ நான். பட்டறையில உக்காந்து தட்டு எண்ணி எண்ணித்தான் தூக்கு வாளியத் தொறப்பேன். எனக்குத் தெரியாதா? ஆனா ஒன்னுதான கேக்குது. மத்த ரெண்டும் எங்க?"

இத்தனை நாளாக ஒவ்வொரு கேள்விக்கும் ஏதாவது சாக்குச் சொல்லி வந்த அவன் நாக்கு, ஒரு மெக்கானிக்கின் கேள்விக்கு மெக்கானிக் பதில் சொல்வதைப் போல, கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லிவிட்டது.

"அது ரெண்டும் அன்னைக்கே வந்துருச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்குப் புரிந்தது. அவளுக்கு அதற்கு முன்பே புரிந்திருந்தது. அவள் கத்துவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று காத்திருந்தான். அவள் லிவரைப் பிடித்திருந்த தன் கையையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு பம்பைப் போட்டு அறையை முழுதாக நீட்டினாள்.

"உள்ள போங்க," என்றாள்.

அவன் ஏன் என்று கேட்கவில்லை. நீண்டு நின்ற அறைக்கு அடியில், நகர்ந்து வரும் குறுக்குச் சட்டத்துக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே, ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு இடமிருந்தது. ஸ்பேனரோடு அங்கே போய் உட்கார்ந்தான். நான்கு நாளாகக் குனிந்து குனிந்து பார்த்து, ஆளில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்ட இடம். இரும்பின் சூடும் எண்ணெய் வாடையும் முகத்தில் அடித்தன. மேலே பம்பு உறுமிக்கொண்டிருந்தது.

"தட்டு!" என்று அவள் குரல் கேட்டது.

அவன் ஒன்று தட்டினான். இரண்டு தட்டினான்.

மூன்றாவதுக்குக் கை எழவில்லை. அவள் எவ்வளவு நேரம் பொறுப்பாள் என்று அறிய விரும்பினானா, பொறுக்க வேண்டாம் என்று விரும்பினானா என்பதை அவன் பிற்பாடும் தனக்குள் தீர்த்துக்கொள்ள முடிந்ததில்லை. ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். பம்பின் உறுமலை எண்ணினான். ஐம்பதுக்கு மேல் எண்ணிவிட்டான்.

அப்போது அவன் காதுக்கு ஒரு சாண் தள்ளி, இரும்பில், மூன்றாவது தட்டு விழுந்தது.

கண்ணைத் திறந்தான். ஸ்பேனர் அவன் மடியில்தான் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. சட்டத்தின் தூசியில் ஒரு தடமும் இல்லை. மூன்று தட்டும் விழுந்தாயிற்று. ஆள் வெளியே என்று சொல்லியாயிற்று. இனி லிவரை இழுப்பதுதான் முறை. எழுந்து ஓட வேண்டுமென்று தோன்றியது. இருந்தும் எழவில்லை. குறுக்குச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பம்பு நின்றது. சட்டம் ஒரு நூல் கூட நகர்ந்திருக்கவில்லை.

"வெளிய வாங்க," என்றாள் அன்னத்தாய். "அது நீங்க தட்டல. அவுக கை எனக்குத் தெரியும்."

அவன் தவழ்ந்து வந்து அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தான்.

"மூணு கேட்டும் நான் இழுக்கல," என்றாள் அவள். "நீங்க ரெண்டு கேட்டே இழுத்திருக்கீக."

"ஆமா தாயி."

"இழுத்தது கூடப் போகட்டும். கை தப்பும். அவுக பேர இந்த ரோடு முழுக்கக் கேவலமாப் பேசயில, நீங்க அங்கன நின்னுக்கிட்டுத்தான இருந்தீக?"

அவன் கையிலிருந்த ஸ்பேனரை மண்ணில் வைத்தான்.

"எந்திரிங்க. பட்டறையில வந்து சொல்லுங்க. பஸ் வர்ற நேரம்."

உத்தமபாளையம் பட்டறை வரிசையை அவர்கள் அடைந்தபோது எல்லோரும் பதினொரு மணித் தேநீருக்குக் கூடியிருந்தார்கள். தொட்டியைத் தூக்கி நின்ற ஒரு டிப்பரின் அடியிலிருந்து சுருளிராஜன் அப்போதுதான் வெளியே வந்தான். லிவரில் நின்ற கர்ணன் அவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தான்.

"ஏலே, அது என்னலே சவச்சவன்னு ஒரு தட்டு? மலைச்சாமித் தட்டு தட்டி என்னைய ஜெயிலுக்குள்ள அனுப்பிறாத. எனக்கு இப்பத்தான் பொண்ணு பாத்துருக்காக."

"ஒனக்குப் பொண்ணு குடுக்கிறவுக உள்ள போக வேண்டியவுகதான்," என்றான் சுருளிராஜன். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்னத்தாயைக் கண்டதும் சிரிப்பு அறுந்தது. அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். தங்கப்பாண்டி நடுவில் போய் நின்றான்.

"அன்னைக்குத் தப்பு என்னோடது," என்றான்.

"என்னைக்குண்ணே?" என்று கேட்டான் கர்ணன். தேநீர்க் கிளாஸ்களைப் பார்த்தபடி யாரோ கனைத்தார்கள். மற்றொருவன், வெயிலில் வந்த ஆளை உட்காரச் சொல்லி ஸ்டூலை நகர்த்தினான்.

"பேரச் சொல்லிச் சொல்லுங்க," என்றாள் அன்னத்தாய் வாசலிலிருந்து.

தங்கப்பாண்டி உட்காரவில்லை. "மலைச்சாமி மூணு தட்டு தட்டல. ரெண்டுதான் தட்டுனான். சரியாத்தான் தட்டுனான். மூணாவது வர்றதுக்கு முன்னால நான் லிவர இழுத்துட்டேன். மூணு கேட்டுச்சுன்னு நான் சொன்னது பொய்யி."

கர்ணன் கையிலிருந்த கிளாஸைத் தரையில் வைத்தான். வைத்த இடம் சரியில்லாமல் அது சாய்ந்து உருண்டது. அவன் அதை எடுக்கவில்லை. "மூணு வருசமாச்சே அண்ணே. இனி எதுக்கு?" என்றான். அந்தக் கேள்வியில் கோபத்தை விடக் கெஞ்சல்தான் அதிகம் இருந்தது. தான் தினமும் சொல்லி வந்த சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவனுக்கும் ஓர் இடம் தேவைப்பட்டது போலும்.

தங்கப்பாண்டி வாசலுக்கு வந்தான். அன்னத்தாய் அவனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தாள்.

"நாளைக்கு வண்டியோட போவியா தாயி?"

"போவேன். அடியில பாத்துட்டுத்தான் இழுப்பேன். தட்டு கேட்டா கேட்டுக்கிறேன். எனக்கு அதுல பயமில்ல." கூடலூர் பேருந்து வளைவில் தெரிந்தது. "அரிசி ஊறப் போடணும். மிச்சத்துக்கு நீங்க தனியாத்தான் போகணும்."

அவளை ஏற்றிக்கொண்டு பேருந்து போன பின், அவன் எதிர்க்காற்றில் நடந்து காவல் நிலையத்துக்குப் போனான். வாசலில் இருந்த காவலர் என்ன விஷயம் என்று கேட்டார்.

"மூணு வருசத்துக்கு முன்னால இங்கன ஒரு சாவுக்கு எழுதிக் குடுத்தேன் சார். அத மாத்தி எழுதணும்."

காவலர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ரைட்டர் கோர்ட்டுக்குப் போயிருக்காரு. வர்றதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். அப்புறமா வர்றியா?"

"இல்ல சார்," என்றான் தங்கப்பாண்டி. "நான் இருக்கேன்."