மாத்திரைத் தாளின் மறுபக்கம்

உலகத்தில் இத்தனை வேலை இருக்க, வழுக்கை விழ ஆரம்பித்த மனிதன் போயும் போயும் மூக்குக்கண்ணாடிக் கடையிலா வேலை பார்ப்பான்? இவன் பார்த்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலைக்கண்ணாடி. வந்தவர் மூக்கில் பிரேம் ஒன்றை மாட்டிவிட்டு நிமிர்ந்தால், எதிரும் புதிருமாக இருந்த கண்ணாடிகளில் தன் உச்சந்தலையே தெரியும். இருப்புக்கொள்ளாமல் விரல் தானாக அங்கே போய்த் தடவும். காலையில் பார்த்ததைவிட மாலையில் பெரிதாகிவிட்டதோ என்று சந்தேகம் வேறு.

ஏழு மாதமாக வைத்தியம் நடக்கிறது. உச்சியில் சொட்டு மருந்து, தினம் ஒரு சின்ன மாத்திரை. தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். “பெரிய மாத்திரையா வாங்கி நாலா வெட்டிக்கோ, காசு மிச்சம், எல்லாம் ஒண்ணுதான்” என்றது பக்கத்துச் செருப்புக்கடைக்காரன். அவனுக்குத் தலை நிறைய முடி. அவன் பேச்சைக் கேட்டான் பாருங்கள், இவன் புத்தியை என்ன சொல்ல!

ஆரம்பத்திலேயே மனைவி சொட்டு மருந்தைப் பார்த்துவிட்டு, “தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தியாச்சா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டான். அதன்பிறகு சொட்டு மருந்து கடைக்கு இடம் மாறியது. மாத்திரைக்குக் கத்தி வேண்டுமே! காலையில் அவள் குளிக்கப் போனதும் சமையல் மேடையில் வைத்து டக்கென்று வெட்டுவான். ஒரு துண்டு வாய்க்கு, மீதி அலமாரிக்குப் பின்னால்.

அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். குழந்தை உறுதியான வாரமே, சிவப்புப் பிடி போட்ட புதுக் கத்தியும் பலகையும் வாங்கி வந்து, “இதத் தொட்டீங்கன்னா கைய ஒடிச்சிருவேன்” என்றாள். மசக்கைக் கோளாறு என்று விட்டுவிட்டான்.

முதலில் வாங்கிய மாத்திரைப் பெட்டியில் இருந்த தாள் கடையில் இருந்தது. அவன் அதைப் படித்ததில்லை. எழுத்து எறும்பு எறும்பாக இருந்ததால், படிக்கிற கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் அதைத்தான் நீட்டுவான். முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டால் கண்ணாடி சரி.

அன்று வந்தவர், அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்ற அம்மாள்.

“போதும்மா, நல்லாத் தெரியுதுல்ல?”

“இருப்பா. ஆரம்பிச்சா நான் முடிக்காம வைக்கிறதில்ல.” தாளைத் திருப்பி உரக்கப் படித்தார். “‘கர்ப்பமாக உள்ள பெண்கள் வெட்டிய அல்லது நொறுங்கிய மாத்திரையைத் தொடக் கூடாது. ஆண் கருவின் வளர்ச்சி பாதிக்கப்படலாம்.’ அட, இங்க ஒரு எழுத்து விட்டுப்போச்சு பாரு.”

அவன் கண்முன் வீட்டுச் சமையலறை வந்து நின்றது. மேடை, கத்தி, அதில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தூள், அந்தக் கத்தியைக் கழுவும் அவள் விரல்கள். முதலாளி கூப்பிட்டது காதில் விழவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. நான் என்ன மனிதன் என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்தான். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி ஓடினான்.

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கத்திய வை! கையக் கழுவு!” மூச்சு வாங்கியது. “மாத்திரைய நான் நிறுத்தவே இல்ல. தினமும் இங்கதான் வெட்டறேன். பொய் சொல்லிட்டேன். அது உனக்கு ஆகாதாம், குழந்தைக்கு…”

“தெரியும்” என்றாள். “புதுக் கத்தி வாங்கறதுக்கு முன்னாடியே, அலமாரிக்குப் பின்னாடி பெருக்கறப்ப பெட்டி கிடைச்சுது. தாளை முழுசாப் படிச்சேன். டாக்டரம்மாகிட்டயும் கேட்டுட்டேன், பயப்பட ஒண்ணுமில்ல. உங்க கத்திய நான் தொடறதே இல்ல. மேடையக்கூடக் கையுறை போட்டுத்தான் துடைக்கிறேன்.”

அவனுக்கு உயிர் வந்தது. அப்படியே நாற்காலியில் சரிந்தான். “அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னுதான்.” சிவப்புக் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. “மூணு மாசமா, குளிக்கப் போனதும் குழாயத் திறக்காம நிப்பேன். இங்க டக்குன்னு சத்தம் கேக்கும். சரி, இன்னிக்கும் சொல்லலன்னு அப்புறம்தான் குழாயத் திறப்பேன்.”