மினுங்கிய பக்கம்

பாலச்சந்திரன் செத்து மூன்று மாதமாகியும் சுலோஜனா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஜேர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்ச்சனம் இதைச் சும்மா விடுமா? "கல்லு மாதிரி நிக்கிறாள்" என்று செத்தவீட்டிலேயே குசுகுசுத்தார்கள். சொன்னதில் பிழையும் இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சோறு வடித்தாள், பாதியைக் கொட்டினாள்.

உள்ளே ஒரு கேள்வி மட்டும் கிடந்தது. தை மாதம் ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட கேள்வி. கணையத்தில் கட்டி, முற்றிவிட்டது, நாலைந்து மாதமாவது மனிதர் நோவோடு நடமாடியிருக்க வேண்டும். "நீங்கள் ஒன்றும் கவனிக்கவில்லையா?" அவர் குற்றமாகக் கேட்கவில்லை, படிவத்தில் எழுதக் கேட்டார். ஆனால் சுலோஜனா முதியோர் இல்லத்தில் பதினொரு வருடம் வேலை செய்தவள். யாருக்குக் கால் வீங்குகிறது, யாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று டொக்டருக்கு முன்னமே சொல்லுகிறவள். ஊரார் உடம்பைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், சொந்தப் புருசனைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். ஐந்து கிழமையில் ஆள் முடிந்துபோனார்.

மிஞ்சியது பக்கத்து வீட்டுக் கராஜுக்குப் பின்னால் நின்ற அந்த வான். உள்ளே கட்டிலும் அடுப்பும் உள்ள பழைய வோன்மொபீல். சைவக்காரர்தான், ஆனாலும் ஒவ்வொரு ஆவணியும் கேவலார் ஊர் மாதா கோயிலுக்கு அதில்தான் போவார்கள். தரிப்பிடத்தில் அடுப்பை மூட்டி, கண்டவர் நிண்டவருக்கெல்லாம் தேத்தண்ணி கொடுப்பது பாலச்சந்திரனின் விசர்களில் ஒன்று. சுலோஜனாவுக்கு வாகனம் ஓடத் தெரியாது. விற்றுவிடலாம் என்று சொன்னபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பழைய கதிரையைக் குப்பைக்கு வைப்பது போலத்தான் சொன்னாள்.

வைகாசிச் சனிக்கிழமை, மத்தியானம், ஜேசுரட்ணம் மினுக்கிற மெஷினோடு வந்து இறங்கினார். பாலச்சந்திரனோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர். வாங்க ஆளும் பிடித்திருந்தார், நாளைக்குப் பார்க்க வருகிறார்கள்.

"முதல்ல கழுவுவம், தங்கச்சி. பிறகு மினுக்குவம்."

"மினுக்கத் தேவையில்லை அண்ணை. அவர் போன ஐப்பசியிலை முழுக்க மினுக்கினவர். ரெண்டு கிழமை இதோடைதான் மாரடிச்சவர்."

ஜேசுரட்ணம் தண்ணிக் குழாயை இழுத்து வந்தார். கழுவினார்கள். மழைக்காலத்து ஊத்தையும் பாசியும் வழிந்தோட, வான் புதுப்பெண் மாதிரி நின்றது.

"ஈரத்திலை பாக்காதைங்கோ. ஈரத்திலை எல்லா வானும் புது வான்தான். காயட்டும்" என்றார் அவர்.

காய்ந்தது. காயக் காய முன்பக்கம் வெளிறியது. சுலோஜனா உள்ளங்கையால் தடவினாள், சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள் ஒட்டியது. அந்தப் பக்கம் போய்த் தடவினாள், அங்கேயும் தூள். பின்பக்கமும் அப்படித்தான். வீட்டைப் பார்த்த பக்கம் மட்டும் கண்ணாடியாக மினுங்கியது. அதுவும் முழுதாக இல்லை. நடுவில் தொடங்கிப் பின்சில்லு வரைக்கும் சாய்வாக ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மினுக்கம், கீழே சுண்ணாம்பு.

"இதென்ன கோலம்?" என்றாள். "அரைகுறையா விட்டாலும் ஆராவது இப்பிடிச் சரிவா விடுவினமோ?"

ஜேசுரட்ணம் மெஷின் வயரைச் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார்.

"தங்கச்சி, அவன் ஐப்பசியிலை இந்த மெஷினை என்னட்டை வாங்கினவன். அடுத்த நாளே கொண்டுவந்து தந்திட்டான். பாரமாக் கிடக்கு, கை நடுங்குது எண்டவன். வேலை அலுப்பாக்கும் எண்டு நானும் விட்டிட்டன்."

"பிறகு ரெண்டு கிழமையும் என்னத்தாலை மினுக்கினவர்?"

"துணியாலைதான் இருக்கும்."

அவள் வானின் கதவைத் திறந்தாள். கட்டிலில் தலையணையும் போர்வையும் கிடந்தன, நடுவில் ஆள் படுத்த பள்ளம். பக்கத்தில் பொலிஷ் டின், முக்கால்வாசி அப்படியே இருந்தது. அந்த நாட்களில் சமைக்கும்போது அவள் மேலே குசினியிலிருந்து பார்ப்பாள். அவர் துணியை ஆட்டிக் காட்டுவார். "சனி ஞாயிறும் வீட்டிலை இருக்க ஏலாதோ? என்னைவிட உந்த வான்தான் பெரிசோ?" என்று ஒருநாள் ஏசியும் இருக்கிறாள். அதற்கும் சிரித்தார். குளிர் என்று தடித்த ஜக்கெட்டைக் கழற்றவேயில்லை.

சுலோஜனா மூன்று மாடி ஏறினாள். குசினிக்குள் போய், நாள்தோறும் சமைக்கிற இடத்தில் அடுப்புக்கு முன்னால் நின்று ஜன்னலால் பார்த்தாள்.

வான் முழுதாக மினுங்கியது.

பக்கத்து வீட்டுக் கராஜ் கூரையின் விளிம்பு சாய்வாக வந்து வானின் கீழ்ப்பாதியை மறைத்தது. அந்த விளிம்பில்தான் கோடு. ஒரு விரற்கடை கூடவுமில்லை, குறையவுமில்லை. கீழே நின்று கண்மட்டத்தால் போட்ட கோடு அல்ல அது. அவள் இல்லாத நேரம் மூன்று மாடி ஏறி வந்து, இதே இடத்தில் நின்று பார்த்து, இறங்கிப்போய், ஒரு முழம் தேய்த்து, திரும்ப ஏறி வந்து பார்த்திருக்கிறார். துணியைப் பிடிக்கவே கை நடுங்கிய மனிதர்.

"பொய்யன்" என்றாள் சத்தமாக. "முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்ச பொய்யன்."

கோபம்தான் முதலில் வந்தது. அது வந்த வழியால் மற்றதும் வந்தது. அடுப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூன்று மாதம் அழாததையெல்லாம் சேர்த்து வாய்விட்டு அழுதாள். டொக்டருக்குச் சொல்ல இப்போது அவளிடம் பதில் இருந்தது. அவள் பார்க்காமல் விடவில்லை. அவள் எங்கே நின்று பார்ப்பாள் என்று அவர் பார்த்து வைத்திருந்தார்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கி வந்தபோது ஜேசுரட்ணம் மெஷினைக் கையில் எடுத்துவிட்டிருந்தார்.

"எந்தப் பக்கத்தாலை துவங்க, தங்கச்சி?"

"மற்றப் பக்கத்தாலை துவங்குங்கோ அண்ணை" என்றாள். டின்னையும் ஒரு துணியையும் எடுத்துக்கொண்டு, கராஜுக்கும் வானுக்கும் இடையிலிருந்த ஒடுக்கத்தில் குந்தி, அந்தக் கோட்டுக்குக் கீழே தானே கையால் தேய்க்கத் தொடங்கினாள்.